நேசமலர் அக்கா வரவழைத்த அத்தாட்சி

நேசமலர் அக்காவிடம் அப்போது ஒரு விதி இருந்தது. செய்யலாமா, கூடாதா என்ற கேள்வியோடு யாராவது வந்தால், செய்ய நினைப்பதை முதலில் வாய்விட்டு ஜெபமாகச் சொல்லிக் காட்ட வேண்டும். "கர்த்தரே, நல்ல வழியைக் காட்டும்" என்று பொதுவாகச் சொல்லித் தப்ப முடியாது. ஆள், இடம், நாள் எல்லாம் அதில் வர வேண்டும். எந்த இடத்தில் நாக்கு தடுமாறுகிறதோ அந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். அக்கா தீர்ப்பு எதுவும் சொல்லமாட்டார்.

இப்போது அவரிடம் இரண்டு விதிகள் இருக்கின்றன. மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுப் போன மாதம் ஜெர்மனியில் எங்கள் நகரமான வுப்பர்டாலுக்குத் திரும்பி வந்தபோது கவனித்தேன். இரண்டாவது, யாருக்காகவும் எதையும் செய்யும் முன் அவரையே ஒரு சொல் கேட்க வேண்டும் என்பது. அந்த விதி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அது வந்தபோது நான் பக்கத்தில் நின்று கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.

வுப்பர்டாலின் பார்மன் பகுதியில் உள்ள ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் சனிக்கிழமைகளில் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை நாங்கள் கூடுவோம். 1985இலும் 86இலும் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். எல்லோரும் பதின்மூன்றிலிருந்து பதினெட்டுக்குள். பெரும்பாலும் பெற்றோரை ஊரில் விட்டுத் தனியாக விமானம் ஏறி வந்த பிள்ளைகள். அகதி விடுதியில் சிலர், பிள்ளைகள் இல்லங்களில் சிலர், மாமன் சித்தப்பன் வீட்டு வரவேற்பறைத் தரையில் சிலர். எனக்கு அந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. அப்பா அறுபதுகளில் பொறியியல் படிக்க வந்து இங்கேயே தங்கிக் குடியுரிமை பெற்றவர். மற்றவர்களிடம் நகர எல்லையைத் தாண்டக்கூடாது என்று எழுதிய ஒரு தாள் இருந்தது. என்னிடம் கடவுச்சீட்டு இருந்தது.

அந்த விதி எப்படி வேலை செய்யும் என்பதற்கு யோகலிங்கத்தின் தோல் ஜாக்கெட்டைச் சொல்லலாம். யோகலிங்கம் சைவப் பிள்ளை. கேரம் போர்டுக்காகவும் அக்கா சுடும் கேக்குக்காகவும் வருகிறவன். ஒருநாள் புத்தம் புதிய ஜாக்கெட்டுடன் வந்து, இதைப் போடலாமோ என்று பகிடியாகக் கேட்டான். அக்கா கதிரையைக் காட்டினார்.

"இரு. கண்ணை மூடு. சொல்லு."

"கர்த்தரே, எனக்கொரு ஜாக்கெட் கிடைச்சிருக்கு."

"கிடைச்சிருக்கோ, வாங்கினியோ?"

"வாங்கினது. சரியான மலிவு."

"ஏன் மலிவு எண்டும் சொல்லு."

"ஸ்டேசனிலை நிக்கிற ஒருத்தன் தந்தவன். பேர் தெரியாது."

"பேர் கர்த்தருக்குத் தெரியும். அவனுக்கு எங்கையிருந்து வந்தது? அதைச் சொல்லு."

யோகலிங்கம் கண்ணைத் திறந்தான். "அக்கா, நான் சைவம். எனக்கு உந்தக் கரைச்சல் தேவையில்லை."

"அப்ப முருகனிட்டைச் சொல்லு. அவரும் உதைத்தான் கேட்பார்."

நாங்கள் சிரித்துச் சிரித்துக் கேரம் காய்களைக் கொட்டிவிட்டோம். அடுத்த கிழமை அவன் பழைய கம்பளிச் சட்டையோடு வந்தான். ஜாக்கெட்டுக்கு என்ன நடந்தது என்று அக்கா கேட்கவேயில்லை.

அக்கா போதகர் அல்ல. ஞாயிறு பள்ளியில் படிப்பித்தவரும் அல்ல. முப்பத்துமூன்று வயது, குட்டையான உருவம், பொறுமை குறைவு. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கும் வேலை. கணவர் செல்வரட்ணம் அண்ணை ஒரு வர்ணத் தொழிற்சாலையில் பாரந்தூக்கி வண்டி ஓட்டினார். பிள்ளைகள் இல்லை. அக்காவுக்குப் பத்தொன்பது வயதில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அந்தக் கடிதத்தை அவருடைய தகப்பனார் பிரித்துப் படித்துவிட்டு, கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, வரமாட்டாள் என்று பதில் எழுதிவிட்டார். இது கர்த்தருடைய சித்தம் என்றும் சொன்னார். "கர்த்தர் என்னட்டை ஒண்டும் சொல்லேல்லை. அப்பாவிட்டைச் சொல்லிப்போட்டுப் போயிட்டார் போலை" என்று அக்கா சொல்வார். செல்வரட்ணம் அண்ணை பக்கத்தில் இருந்தால், "அந்தச் சித்தம் நான்தான்" என்று கையை உயர்த்துவார். சிரிப்பார்கள். ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் அவர் ஏன் தீர்ப்புச் சொல்வதில்லை என்பதற்குக் காரணம் அந்தக் கடிதம்தான்.

இப்படிப்பட்டவர்தான் சுகிர்தத்தைக் கேட்காமல் அவள் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார்.

சுகிர்தம் 1985 பெப்ரவரியில் தனியாக ஃபிராங்க்ஃபர்ட்டில் வந்து இறங்கியவள். மெலிந்த சிறிய உருவம், இரட்டைப் பின்னல். நகரின் இன்னொரு பகுதியான எல்பர்ஃபெல்டில் பெண் பிள்ளைகள் இல்லமொன்றில் இருந்தாள். தனிக்கட்டில், சன்னலோரம் மேசை, பக்கத்தில் பள்ளிக்கூடம். அவளுக்கு அந்த இல்லம் பிடித்திருந்தது. ஒரு குறைதான்.

"ஒன்பது மணிக்கு லைட்டை நூக்கினம், அக்கா. வளருற பிள்ளைக்கு நித்திரை வேணுமாம். அதுக்கு முதல் ஒரு கோப்பை கக்காவோப் பால் தந்து, பல்லு மினுக்கினியோ எண்டு கேக்கினம்."

"நல்லதுதானே. எனக்கு ஒருதரும் கக்காவோ தாறேல்லை."

அவளுக்கு இரவு விளக்கு அணைப்பதில் ஏன் அவ்வளவு கோபம் என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை.

அடுத்த வருடம் மே மாதம் ஜெர்மன் பிள்ளைகளோடு சேர்ந்து அவளும் திடப்படுத்தல் பெறுவதாக இருந்தது. குழந்தையாக இருக்கும்போது பெற்றோர் கொடுத்த ஞானஸ்நானத்துக்கு, வளர்ந்தபின் சபை முன் நின்று நானே ஆம் சொல்கிறேன் என்று சொல்லும் சடங்கு அது. ஞானஸ்நான அத்தாட்சி இருந்தால் நல்லது என்று ஜனவரியில் தேவாலயத்துப் பாஸ்டர் சொன்னார். அக்கா அன்றைக்கே ஊருக்கு எழுதிவிட்டார். எங்கள் ஆட்களுக்குத் தேவாலயப் பதிவென்றால் பயமில்லாத தாள். அரசாங்கத் தாளை ஆயிரம் யோசனையோடு கொடுப்பார்கள். தேவாலயத்துத் தாளை யோசிக்காமல் கேட்டு வாங்குவார்கள். அக்காவும் யோசிக்கவில்லை. எங்கள் விவரங்கள் எழுதிய பெயர்ப் புத்தகத்தில் முகவரியைப் பார்த்துத் தகப்பனாருக்கு எழுதி, பிள்ளைக்கு ஒரு சந்தோஷமாக இருக்கட்டும் என்று அவளிடம் சொல்லாமலும் இருந்தார்.

ஏப்ரல் இரண்டாம் கிழமை பதிவுத் தபால் வந்தது. உள்ளே அத்தாட்சியும் தகப்பனாரின் சிறிய குறிப்பும் இருந்தன. "இது தேவாலயத்துக்குப் போகும் தாள். இதில் திகதியை மாற்றித் தரும்படி கேட்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் கையில் கொடுங்கள். அவளுக்கு விளங்கும்."

அத்தாட்சியில் பிறந்த திகதி 1968 ஜூன் 7 என்று இருந்தது. சுகிர்தத்தின் ஜெர்மன் தாள்களில் 1970 ஜூன் 7.

அந்த நாட்களில் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை ஜெர்மனிக்குள் வர விசா தேவையில்லை. ஆகவே ஊரில் பதினாறும் பதினேழுமாக இருந்தவர்கள் விமானத்தில் ஏறும்போது பதினான்கும் பதினைந்தும் ஆனார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மீசை அரும்பிய பொடியன்கள் பலரைப் பற்றி அக்காவுக்கும் சந்தேகம் இருந்தது. இரட்டைப் பின்னல் சுகிர்தத்தைப் பற்றி அவர் ஒருபோதும் நினைக்கவில்லை.

பதினாறைத் தாண்டியவள் என்று தெரிந்தால் அவள் பிள்ளைகள் இல்லத்தில் இருக்க முடியாது. தானே அகதி விண்ணப்பம் கொடுத்து, எந்த ஊர் விடுதிக்கு அனுப்புகிறார்களோ அங்கே போக வேண்டும். கட்டில், மேசை, பள்ளிக்கூடம், எங்கள் சனிக்கிழமை எல்லாம் போய்விடும். பொய் சொன்னவள் என்பதும் கோப்பில் ஏறிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பாஸ்டர் அக்காவைக் கேட்டார், ஊரிலிருந்து கடிதம் வந்ததா என்று. "இன்னும் இல்லை" என்றார் அக்கா. கைப்பைக்குள் கடிதம் இருந்தது.

அன்று மாலை வீட்டில் நடந்ததைச் செல்வரட்ணம் அண்ணை பிறகு எனக்குச் சொன்னார். அவர் அக்காவிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: "கிழிச்சுப்போட்டு விடு. எங்கடை சனத்திலை சரியான திகதியோடை வந்தவன் எத்தினை பேர்? உன்ரை கையாலை ஒரு பொம்பிளைப் பிள்ளையை விடுதிக்கு அனுப்பப் போறியோ?"

"கிழிச்சால் நானும் என்ரை அப்பா மாதிரித்தான்" என்றாராம் அக்கா. "அவளின்ரை விஷயத்திலை ரெண்டாந்தரமும் நானே முடிவெடுத்ததாப் போகும்."

அடுத்த சனிக்கிழமை மற்றப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்க, அக்கா சுகிர்தத்தைக் குசினிக்குள் கூப்பிட்டார். நான் அங்கே கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே போகப் பார்த்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்துப் பயந்த சுகிர்தம், "இவள் நிக்கட்டும்" என்றாள்.

அக்கா தாளைக் கொடுத்தார். சுகிர்தம் வாசித்தாள். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"உங்களை ஆர் எழுதச் சொன்னது?"

"ஒருதரும் சொல்லேல்லை."

"என்னட்டை ஒரு சொல் கேட்டனீங்களோ?"

"இல்லை. கேட்டிருக்க வேணும். பிழை விட்டுட்டன்."

"பிழை விட்டுட்டன் எண்டால் சரியோ? யோகலிங்கத்தின்ரை ஜாக்கெட்டுக்கு ஊர்க்கதையெல்லாம் கேட்கத் தெரியுது. என்ரை அப்பாவுக்கு எழுதேக்கை மட்டும் கேட்கத் தெரியாதோ?"

நான் குழாயை மூட மறந்து நின்றேன்.

"கிழியுங்கோ இதை."

"அது உன்ரை. நான் கிழிக்க ஏலாது."

"நீங்களெண்டால் என்ன செய்வியள்? அதையாவது சொல்லுங்கோ."

"நான் என்ன செய்தனான் எண்டு சொல்லுறன். பாஸ்டர் கேட்டவர். வரேல்லை எண்டு பொய் சொல்லிப்போட்டன். தேவாலய வாசலிலை நிண்டு. அதாலை என்னட்டை வழி கேளாதை, பிள்ளை. நான் முதல் என்ரையைச் சரி பண்ணிக்கொண்டு வாறன்."

சுகிர்தம் தாளை நாலாக மடித்து மழைச்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியேறினாள். நான் ஓடிப்போய் அவளோடு தொங்குரயிலில் ஏறினேன். வுப்பர் ஆற்றுக்கு மேலே ரயில் ஆடியாடிப் போனது.

"கிழிச்சு ஆத்திலை போடு. ஆருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"உனக்குச் சுகம்" என்றாள் அவள். "உன்ரை பாஸ்போட்டிலை ஒரு திகதிதான்."

திங்கட்கிழமை அக்கா பாஸ்டரிடம் போனார். தான் சொன்னது பொய் என்றும், அத்தாட்சி வந்து உரியவளிடம் இருக்கிறது என்றும், அவளைக் கேட்காமல் இதற்குமேல் ஒன்றும் சொல்ல முடியாது என்றும் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னார். பாஸ்டர் எதுவும் துருவவில்லை. பொதுவாக ஒன்று மட்டும் சொன்னார். போர் நடக்கும் நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அத்தாட்சி கட்டாயமே இல்லை. ஞானஸ்நானம் நடந்தது என்று இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் போதும்.

அக்கா இதைச் சுகிர்தத்திடம் மறைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை எல்லோரும் போனபின் சொன்னார். சுகிர்தம் நம்பாமல் பார்த்தாள்.

"அப்ப இந்தத் தாளே தேவையில்லையோ?"

"தேவையில்லையாம். ஜனவரியிலை நான் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் தெரிஞ்சிருக்கும்."

சுகிர்தத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். இனி வழி சுலபம். தாளை ஒளித்து வைக்கலாம். இரண்டு கையெழுத்தில் காரியம் முடிந்துவிடும். அவளே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

"கர்த்தரே, நான் சுகிர்தம். பிறந்தது..."

நின்றாள். மறுபடி தொடங்கினாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றாள்.

"பேருக்கு அடுத்த சொல்லிலையே நிக்குது, அக்கா. பதினைஞ்சு வயதுக்காரி ஜெபம் பண்ணுறாளோ, பதினேழு வயதுக்காரி பண்ணுறாளோ எண்டு எனக்கே தெரியேல்லை."

வேறு யாராவது என்றால் அந்த இடத்தில், "பாத்தியோ, கர்த்தர் பேசுறார், போய் உண்மையைச் சொல்லு" என்று முடித்திருப்பார்கள். அக்கா அப்படிச் செய்யவில்லை.

"பொறு. கண்ணை மூடிக்கொண்டு குதிக்கிறது விசுவாசம் இல்லை. சொன்னால் என்ன நடக்கும், சொல்லாட்டில் என்ன நடக்கும் எண்டு முதல் தெரிஞ்சவையிட்டைக் கேட்பம். இந்தத் தரம் உன்னோடைதான் போவன்."

இருவரும் அகதிகளுக்கான ஆலோசனை நிலையத்தில் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தார்கள். பெயர் சொல்லவில்லை. "ஒரு பிள்ளை இருக்கிறாள்" என்றுதான் அக்கா தொடங்கினாராம். சட்டத்தரணி ஒன்றையும் இனிப்புப் பூசாமல் சொன்னார். இல்லத்தை விட்டுப் போக வேண்டிவரும். எந்த ஊர் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பெரும்பாலும் தண்டனை இராது, ஆனால் பொய் கோப்பில் நிற்கும். தானாக வந்து சொன்னாள் என்பதும் அதே கோப்பில் நிற்கும். சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காமலும் போகலாம். திரும்பி வரும் வழியில் அக்கா இப்படிச் செய் என்று சொல்லிவிடாமல் நாக்கைக் கடித்துக்கொண்டு வந்தாராம். அவருக்கு அதைவிடக் கஷ்டமான வேலை வேறில்லை.

அதற்குள் ஏப்ரல் முடிந்து, தூரத்தில் அணு உலை வெடித்த செய்தி வந்தது. மழையில் நனையாதீர்கள், கீரை சாப்பிடாதீர்கள் என்று வானொலி சொன்னது. அக்கா வேலை செய்த சமையலறையில் பெட்டி பெட்டியாகச் சலாது இலைகளைக் கொட்டினார்கள். மே ஐந்தாம் திகதி, அக்கா கையுறை போட்டு அவற்றைக் கொட்டிக்கொண்டு நிற்கும்போது சுகிர்தம் அங்கே தொலைபேசியில் அழைத்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு யூகண்ட்அம்ட்டிலை டெர்மின். நானே எடுத்தனான்."

யூகண்ட்அம்ட் என்பது அவளுக்குப் பொறுப்பான இளையோர் அலுவலகம்; டெர்மின் என்றால் சந்திக்கக் குறித்த நேரம்.

"வடிவா யோசிச்சனியோ?"

"ஓம். நானாப் போய்ச் சொன்னால் சொன்னது. ஆரும் கண்டுபிடிச்சால் பிடிபட்டது. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னாலை ஆம் சொல்லேக்கை ஆர் சொல்லுறது எண்டு எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும்." பிறகு, "சரியான பயமாக் கிடக்கு, அக்கா. வருவியளோ? உள்ளுக்கு வேண்டாம். படிக்கட்டிலை நில்லுங்கோ" என்றாள்.

அன்று பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் படிக்கட்டில் நின்றேன். வெளியே மழை. எல்லோரும் அதை நஞ்சைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு வாசலுக்குள் ஒதுங்கினார்கள். அக்கா ஒரு கைக்குட்டையை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிவிட்டார். ஐம்பது நிமிடம் கழித்துச் சுகிர்தம் இறங்கி வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"என்ன சொன்னவை?"

"அந்த அம்மா கண்ணாடியைக் கழட்டி வைச்சவ. பிறகு, இதைச் சொல்ல உனக்குக் கன நாள் எடுத்திருக்குமே எண்டு கேட்டவ. பிறகு ஒரு கட்டுப் படிவம் எடுத்தவ." படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "பசிக்குது, அக்கா."

மே பதினோராம் திகதி திடப்படுத்தல் நடந்தது. பதின்மூன்று, பதினான்கு வயது ஜெர்மன் பிள்ளைகளுக்கு நடுவில் அவள் நின்ற புகைப்படம் அக்கா வீட்டில் இருக்கிறது. எல்லோரிலும் அவள்தான் சின்னவள் போலத் தெரிகிறாள். தேவாலயப் புத்தகத்தில் 1968 என்று பதிந்தார்கள்.

மாதம் முடியும் முன் அவளை அனுப்பினார்கள். இரண்டு ரயில் மாறிப் போக வேண்டிய சிற்றூர், பழைய பாடசாலைக் கட்டடத்தில் அகதி விடுதி. அக்காவைப் பார்க்க வரவேண்டுமானால் ஒவ்வொரு முறையும் அவள் அனுமதித் தாள் வாங்க வேண்டும். ஆகவே அக்கா போனார். எங்கள் நிலக்கீழ் அறையின் சாவியைச் செல்வரட்ணம் அண்ணையிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமை ரயில் ஏறினார். முதல் பயணத்துக்கு நானும் போனேன். ஜூன் 7.

ஒரு சிறிய அறையில் நான்கு பெண்கள். நடுவில் ஒரு மேசை. சுகிர்தத்தின் கட்டில் கதவுப் பக்கம். அங்கே யோகம் என்ற நடுத்தர வயதுப் பெண் எங்களுக்குத் தேநீர் ஊற்றினார். பெரியவர்களுக்கான ஜெர்மன் வகுப்பு செப்டம்பரில்தான் தொடங்குமாம். அதுவரை பள்ளிக்கூடம் இல்லை. சுகிர்தம் இதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அதைக் கேட்கத்தான் கஷ்டமாக இருந்தது.

அக்கா கேக்கை எடுத்து வைத்து மெழுகுதிரிகளைக் குத்தினார். முதல் வருடம் இல்லத்தில் பதினைந்து குத்தியிருந்தார்கள். இப்போது பதினெட்டு. கேக் சிறியது, இடம் போதவில்லை. கடைசி மூன்றையும் விளிம்பில் சாய்த்துத்தான் நிறுத்த முடிந்தது. சுகிர்தம் விரலால் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். பிறகு ஒரே மூச்சில் ஊதினாள்.

"கோவமோ என்னிலை?" என்று அக்கா கேட்டார். கேக்கை வெட்டிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல்.

"கடிதம் எழுதினதுக்குக் கோவம்தான். அது போகாது போலை." ஒரு துண்டை வாயில் போட்டாள். "போய்ச் சொன்னதுக்கு ஒருதரிலையும் கோவம் இல்லை. அது நான் செய்தது."

"சரி. ரெண்டும் இருக்கட்டும்" என்றார் அக்கா.

மாலை ஆறரைக்கு எங்களுக்கு ரயில். சுகிர்தம் நிலையம்வரை வந்தாள். அதுவரைதான் அவளால் வர முடியும்.

"இஞ்சை லைட்டை நூக்கச் சொல்ல ஒருதரும் இல்லை, அக்கா. விடிய விடிய எரியுது. எனக்கு இப்ப ஒன்பது மணிக்கே நித்திரை வருது."

ரயில் வந்துவிட்டது. அக்கா ஏறி, சன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"பல்லு மினுக்கிப்போட்டுப் படு."

"எனக்குப் பதினெட்டு!" என்று கத்தினாள் சுகிர்தம், நிலையத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க.